மழை பட்ட வரகு

அந்த வருடம் தை மாதத்தில் பெய்ய வேண்டாத மழை ஆறு நாள் பெய்தது. வரகுக் கதிர் முற்றி நின்ற நேரம். குடியேற்றத்திட்டத்தில் எங்களுக்குக் கிடைத்த காணியின் மேட்டுப்பக்கத்தில் அதை விதைத்திருந்தோம். வெயில் வந்ததும் வெட்டி அடித்து, நன்றாகக் காயவைத்தேன். ஒரு மணியில்கூடப் பூஞ்சணம் தெரியவில்லை. தானியத்தின் நல்லது கெட்டதைப் பார்த்த உடனே சொல்லிவிடுவேன் என்று எனக்கு அப்போது பெரிய மண்டைக்கனம்.

பக்கத்துக் காணிக்காரியின் கணவர் காய்ச்சலோடு முல்லைத்தீவு ஆஸ்பத்திரியில் கிடந்தார். அவரைப் பார்க்கப் போவதற்காக ஒருநாள் காலை அவள் தன் மூன்று வயது மகளை என்னிடம் விட்டாள். மூத்த பிள்ளையைப் பறிகொடுத்தவள். அவளுக்கு இருந்தது இது ஒன்றுதான்.

“பின்னேர பஸ்ஸில வந்திடுவன் அக்கா. கவனமாப் பாத்துக்கொள்ளுங்கோ.”

“நான் என்ன, உன்ரை பிள்ளையை விழுங்கவோ போறன்? போட்டு வா,” என்றேன்.

புது வரகைக் குற்றி, தேங்காய்ப்பால் விட்டுக் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தேன். பிள்ளை கிண்ணத்தை வழித்துக் குடித்தது. சட்டியைக் கழுவ முற்றத்துக்கு வந்தேன். தவிடும் குறுணியும் பொறுக்கிய கோழிகள் கால் பின்னி விழுந்து எழும்பிக்கொண்டிருந்தன. இதுகளுக்கு யார் சாராயம் பருக்கினது என்று முதலில் சிரித்தேன். பிறகுதான் அவை தின்றதும் அதே புது வரகு என்று உறைத்தது.

உள்ளே ஓடினேன். பிள்ளையின் கைகள் நடுங்கின. எழும்ப முயன்று சரிந்தது. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் நாக்குக் குழறியது. குடித்த கஞ்சியைச் சத்தி எடுத்தது. மோர் பருக்கினேன், வாயோரத்தால் வழிந்தது. என் கணவர் காட்டுக்குத் தடி வெட்டப் போயிருந்தார், கூப்பிட ஆளில்லை. பிள்ளையை மடியில் போட்டு, மூச்சு வருகிறதா என்று மூக்கில் விரல் வைத்துப் பார்த்தேன். எடுத்துவிட்டுத் திரும்பவும் வைத்தேன். அந்த பஸ் வரக்கூடாது பிள்ளையாரே என்று நேர்ந்தேன். பிள்ளை பிழைக்கவேண்டும் என்று நேர்வதற்கு முன்னால் அதைத்தான் நேர்ந்தேன். இன்றைக்கும் அது என்னைக் குத்துகிறது.

பின்னேரமாக நடுக்கம் தணிந்து, பிள்ளை தண்ணீர் கேட்டது. தாய் வந்தபோது என் தோளில் தூங்கிக்கொண்டிருந்தது. நான் வாயே திறக்கவில்லை.

கணவரிடம் மட்டும் சொன்னேன். “போன வருசமும் இதே விதை, இதே நிலம். ஒண்டும் செய்யேல்லையே. மழைதான் கெடுத்திருக்கு,” என்றார். கண்ணுக்குத் தெரியாத பூஞ்சணம் பயிருக்குள்ளேயே குடியிருக்கும், காய்ந்த காலத்தில் சும்மா கிடக்கும், முற்றின கதிரில் ஈரம் நின்றால் பெருகி நஞ்சாக்கும் என்று பல வருடம் கழித்து ஒரு விவசாயப் போதனாசிரியர் சொல்லித்தான் அறிந்தேன்.

அடுத்த நாள் பக்கத்துக் காணிக்காரி பிள்ளையோடு வேலியடிக்கு வந்தாள்.

“அக்கா, பிள்ளை உங்கடை கஞ்சியைத்தான் கேக்கிறாள். எங்கடை வரகும் காய்ஞ்சிட்டுது, இண்டைக்குக் குத்தப்போறன்.”

அவளுடைய வரகும் அதே மழையில்தான் நின்றது. பேசாமல் இருந்தால் பிள்ளை செத்துப்போகலாம். சொன்னால் நான் செய்தது தெரிந்துவிடும். எல்லாவற்றையும் சொன்னேன், பஸ் வரக்கூடாது என்று நேர்ந்ததைத் தவிர. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

மூன்றாம் நாள் திரும்பவும் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டியிருந்தது. பிள்ளையை விட்டுவிட்டுப் போக அவளுக்கு வேறு வீடு இல்லை. மூடிய கிண்ணத்தில் சோறு கொண்டுவந்தாள்.

“இதை மட்டும் குடுங்கோ,” என்றாள், என் முகத்தைப் பார்க்காமல்.

“ஓம்,” என்றேன்.

மத்தியானம் மூடியைத் திறந்தேன். அவள் கையால் சமைத்த சோறுதான். இருந்தும் முதல் வாயை நான் தின்றேன். பிள்ளை பசியில் அழ அழ, என் கை நடுங்குகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.