மஞ்சள் டப்பாவில் இருந்த பணம்

செல்வியின் பிழைப்பில் மண்ணைப் போட்டவர் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர். சுற்றி வளைத்துப் பேச எனக்கு வராது. சிறுசேரிப் பக்கம் இருக்கிற எங்கள் குடியிருப்புக்குள் ஞாயிறுதோறும் ஒரு சந்தை நடக்கும். அதில் நான்கு வருடமாக மீன் விற்ற பெண்ணின் கேட் பாஸைப் போன வாரம் பிடுங்கிக்கொண்டு வெளியே அனுப்பினார். அவள் செய்த குற்றம், என் கையிலிருந்து ஒரு ஐந்நூறு ரூபாய் நோட்டை வாங்கியது. சந்தையில் ரொக்கம் கூடாது, ஃபோனில்தான் பணம் என்பது சங்கத்தின் விதி.

அந்த நோட்டை நான் ஏன் கொடுத்தேன் என்று சொல்ல, பதினாறு வயதில் என் மூக்கில் ஏறி இன்றுவரை இறங்காத ஒரு வாசனையிலிருந்து தொடங்க வேண்டும். மீன் கவிச்சியும் மஞ்சள் தூளும் கலந்த வாசனை. எங்கள் வீட்டில் பணத்துக்கு அந்த வாசனைதான்.

அப்போது பம்மலில் ஒற்றை அறை வாடகை வீட்டில் இருந்தோம். அப்பாவுக்குத் தோல் பதனிடும் ஷெட்டில் வேலை. அம்மா காலையில் கூடையைத் தலையில் ஏற்றி, "சங்கரா, நெத்திலி, மத்தீ" என்று தெருத்தெருவாகக் கூவிவிட்டு, வெயில் ஏறியபின் திரும்புவாள். அவள் இடுப்பிலிருந்த "சுருக்குப் பை"யை அப்பா கேட்டு வாங்க மாட்டார், உருவிக்கொள்வார். அது போதாதென்று அரிசிப் பானை, தலையணை உறை, சாமி படத்தின் பின்பக்கம் எல்லாவற்றையும் முகர்ந்து பார்ப்பார். மீன் விற்ற நோட்டு எங்கே இருந்தாலும் காட்டிக் கொடுத்துவிடும். "அந்த ஷெட்டு நாத்தத்துலகூட இந்த ஆளு மூக்கு சாவலியே" என்று அம்மா அவர் காதில் விழும்படியே சொல்வாள்.

மூன்று முறை பிடிபட்டபின் அம்மாவுக்கு ஒரு வழி கிடைத்தது. கவிச்சி போக மீனுக்குப் போடுகிற மஞ்சளையே நோட்டுக்கும் போட்டாள். வீடு வருவதற்குள் ஐந்தோ பத்தோ ரவிக்கைக்குள் தனியாகப் போய்விடும். பிறகு மஞ்சள் தூள் டப்பாவின் அடியில் அதைப் பரப்பி, மேலே தூளைக் கொட்டி அமுக்கிவிடுவாள். அடுப்படிப் பக்கம் வராத மனிதருக்கு அந்த டப்பா கண்ணிலேயே படவில்லை. "மடியில கீறது அந்த ஆளுது, டப்பால கீறது நம்முது" என்பாள். அந்தக் காசுக்குப் பெயர் "சிறுவாடு". அது திருட்டுக் காசு அல்ல. தன் உழைப்பைத் தானே ஒளித்துவைக்க வேண்டியிருந்த ஒருத்தியின் சம்பளம்.

பத்தாவது முடித்ததும், தாம்பரத்தில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் துணியில் பிசிறு வெட்டும் வேலைக்கு அப்பா எனக்குச் சொல்லிவைத்துவிட்டார். அம்மா மறுநாள் மீனெடுக்கப் போகாமல் என்னை பஸ்ஸில் ஏற்றித் தாம்பரத்துக்குக் கூட்டிப்போய், ஒரு பள்ளிக்கூடத்தின் அலுவலகத்தில் முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். நோட்டெல்லாம் பழுத்த இலை நிறம். எழுத்தர் ஒன்றை விரல் நுனியில் தூக்கிப் பார்த்தார்.

"இன்னாம்மா, நோட்டைக் கொழம்புல போட்டு எடுத்தியா?"

"சாமிக்கு முடிஞ்சு வெச்ச துட்டு சார். மஞ்ச இல்லாம எப்புடி?"

"அப்ப சாமிக்கு?"

"சாமி வெயிட் பண்ணும். நீங்க அட்மிஷன் போடுங்க."

அவர் சிரித்துவிட்டு ரசீது கிழித்துக் கொடுத்தார். நான் பிளஸ் ஒன் சேர்ந்தேன். ஆனால் பெருமை தாங்காமல் அந்த ரசீதைப் புத்தகத்தில் வைத்து ஊரெல்லாம் காட்டிக்கொண்டிருந்தது என் முட்டாள்தனம். ஒருநாள் அது அப்பா கையில் சிக்கியது. அதில் அம்மாவின் கட்டைவிரல் மஞ்சளாகப் பதிந்திருந்தது. அவர் அதை முகர்ந்தார். நேராக அடுப்படிக்குப் போய் டப்பாவைத் தரையில் அடித்தார். வீடு முழுக்க மஞ்சள் பறந்தது. நோட்டு ஒன்றுகூட இல்லை. அம்மா கன்னத்தில் ஐந்து விரலும் பதிந்தன. அவள் அழவில்லை. "கட்டியாச்சு. போய்க் கேட்டுப் பாரு, திருப்பிக் குடுப்பானான்னு" என்றாள்.

இனி செல்வி. அவள் தட்டின் முன்னால் மாட்டியிருந்த அட்டையில் நாம் ஸ்கேன் பண்ணுகிற கட்டம் அவள் புருஷனுடைய கணக்குக்கானது. நாம் ஃபோனைக் காட்டியதும் பக்கத்திலிருக்கும் பெட்டி தொகையைக் கூவும். அதே நொடியில் அவன் பாக்கெட்டிலும் மணி அடிக்கும். "மீனு வெட்றது இங்க அக்கா, துட்டு போய் உக்கார்றது அங்க. வூட்டுக்குப் போனா, 'இன்னிக்கி இவ்ளோ வித்துகீதே, எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா'ன்றான்" என்றாள். அவள் மகளுக்கு நர்ஸிங் படிப்பில் இடம் கிடைத்திருக்கிறது. ஃபீஸ் கட்ட மாதக் கடைசிவரைதான் தவணை. "உங்களால முடிஞ்சப்ப நோட்டா குடுங்கக்கா, போதும்" என்று கேட்டாள். கொடுத்தேன். செக்யூரிட்டி பார்த்துவிட்டுப் போய்ச் சொன்னார்.

நானும் யோக்கியமில்லை. நான்கு வருடம் பர்ஸ்கூட எடுக்காமல் கீழே இறங்கி, கையை வீசிக்கொண்டு போய், அவள் புருஷனுக்குத்தான் காசு அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறேன். சில்லறைத் தகராறு இல்லை, எவ்வளவு சௌகரியம் என்று பேசியும் இருக்கிறேன்.

செயலாளரிடம் போய்க் கேட்டேன். "மேடம், அவங்க பேர்ல ஒரு அக்கவுண்ட் ஓபன் பண்ணச் சொல்லுங்க, சிம்பிள். ரூல்னா எல்லாருக்கும் ரூல்தான்" என்றார். அவள் பேரிலும் கணக்கு இருக்கிறது. அதில் கொடுத்திருக்கும் ஃபோன் நம்பர் அவள் புருஷனுடையது. அவள் கையில் இருப்பது பட்டன் ஃபோன். புதிதாக ஒன்று வாங்கினால், அவன் கையும் கண்ணும் படாமல் அவர்கள் இருக்கும் ஒற்றை அறையில் எங்கே வைப்பாள்? அம்மாவின் ஐந்து ரூபாய் நோட்டு மஞ்சளுக்கடியில் மூச்சுவிடாமல் கிடந்தது. இந்தப் பணம் வரும்போதே கூவிக்கொண்டு வருகிறது.

என் சமையலறையில் இப்போது மஞ்சள் பாக்கெட்டில் வருகிறது. பிரித்தால் மஞ்சள் மட்டும்தான் இருக்கிறது. நமக்கு ஒளிக்க வேண்டிய அவசியமில்லை என்பதால் யாருக்குமே இல்லை என்று நினைத்துவிட்டோம். அடிக்குப் பயந்து காசை மறைக்கிற பெண்கள் ஒழியவில்லை. அவர்கள் மறைத்துவைத்த இடம்தான் ஒழிந்துவிட்டது.

அடுத்த ஞாயிறு பொதுக்குழு கூடுகிறது. நான் செல்வியைக் கூட்டிக்கொண்டு வருவேன்; முன் வரிசையில் உட்காரவைப்பேன். செயலாளர் மைக்கைப் பிடித்து, அவள் முகத்தைப் பார்த்து, நானூறு வீட்டுக்காரர்களும் கேட்கப் பதில் சொல்லட்டும்: அவள் உழைத்த காசு அவள் கைக்கு வந்தது எந்த விதிப்படி குற்றம்? அந்தக் கேட் பாஸை எப்போது திருப்பித் தருவீர்கள்?