நாதியற்ற ஓசெல்லா

ஓசெல்லா என்ற பெயரை நான் முதலில் கேட்டது என் ஓரகத்தி வாயிலிருந்துதான். "என் சித்தி மக மிசிசிப்பியிலேருந்து இங்க சிகாகோவுக்கே குடி வர்றா. அவ அழுதா மட்டும் நம்பிடாதே" என்றாள்.

நாங்கள் நம்பவில்லை. நம்பியது பல்கலைக்கழகம். கறுப்பர்களின் நல்வாழ்வை ஆராய வந்த பேராசிரியை கோரின் எங்கள் இனத்துப் பெண்தான், ஆனால் நிறையப் படித்துவிட்டாள். "உங்களப் பாக்க யாராவது வருவாங்களா?" என்று கேட்டாள்.

"ஒரு ஈ காக்கா எட்டிப் பாக்காதும்மா" என்று கண்ணைக் கசக்கினாள் ஓசெல்லா. கேட்பவள் உருக உருக, இவளுக்குச் சொந்தபந்தம் குறைந்துகொண்டே போயிற்று.

கோரின் எழுதிய புத்தகம் வந்தது; அதில் நாதியற்ற ஒருத்தியின் கதை இருந்தது. பெயரை மாற்றியிருந்தாள், ஆனால் ஓசெல்லா வீட்டு ஊதாச் சுவரையும் நொண்டிப் பூனையையும் எங்களுக்குத் தெரியாதா? ஞாயிறுதோறும் தேவாலயத்திலிருந்து அவளுக்குப் பொரித்த கோழியும் கீரையும் கொண்டுபோகிறவள் எர்லீன். "படிச்சவங்க எழுதினது பொய்யாகலாமா? இனிமே ஒருத்தியும் அந்தப் பக்கம் போகாதீங்கடி" என்றாள்.

யாரும் போகவில்லை. சில வாரம் கழித்து, சபையில் அவரவர் மனதில் உள்ளதை எழுந்து சாட்சி சொல்லும் நேரத்தில் ஓசெல்லா எழுந்து நின்றாள்.

"ஆண்டவரே, எனக்கு நாதியில்லன்னு சொன்னது பொய்தான். அதுக்காக இவளுங்க அதை நெசமாக்கலாமா?"

பாதிரியாரே சிரித்துவிட்டார். "மன்னிப்புக் கேக்கறாளா, நம்ம மேல பழி போடறாளா?" என்று முணுமுணுத்தாள் எர்லீன். ஆனாலும் அன்று மதியம் தட்டு போயிற்று, ஒரு தொடைத்துண்டு கூடுதலாக.

ஓசெல்லா இப்போதும் அதே ஊதாச் சுவர் வீட்டில்தான் இருக்கிறாள்.