பவேரியாவில் ஒரு செத்தவீடு

வெள்ளிக்கிழமை பின்னேரம் மூன்று மணி பத்து நிமிடம். வேலையால் வந்து பனிச் சப்பாத்தைக்கூடக் கழற்றவில்லை, தொலைபேசிக்குப் பக்கத்தில் மெசேஜ் பெட்டியின் சிவப்பு வெளிச்சம் மினுங்கிக்கொண்டிருந்தது. அழுத்தினேன். மருமகனின் குரல்.

“மாமி, இஞ்ச செத்தவீடு. அவவுக்குக் கதைக்க ஏலாது. பிறகு எடுக்கிறம்.”

அவ்வளவுதான். அவன் பேசி முடித்த பிறகும் பின்னால் பலர் சேர்ந்து எதையோ முணுமுணுக்கும் சத்தம் கேட்டது. பிறகு அதுவும் நின்றுவிட்டது.

என் மகள் அப்போது ஐந்து மாதக் கர்ப்பிணி.

மருமகன் ரொறன்ரோவில் பிறந்த வெள்ளைக்காரப் பிள்ளை. அவனுடைய பாட்டனார் ஜெர்மனியின் தெற்கில், பவேரியாவில், ஒரு மலைக் கிராமத்திலிருந்து வந்தவர். பாட்டனாரின் கடைசித் தங்கை தொண்ணூறு வயதில் அங்கே இன்னும் இருந்தா. குழந்தை பிறப்பதற்கு முன் அவவைப் பார்த்து, குடும்பத்தின் கதையைக் கேட்டு எழுதிக்கொண்டு வரவேண்டும் என்பது அவனுடைய ஆசை. டிசம்பரில், பனிக்குள், வாடகைக் காரில், வயிற்றுப் பிள்ளைக்காரியோடு. வெயில் காலத்தில் போங்கள் என்று எத்தனை தரம் சொன்னேன். அதுவரைக்கும் அந்தக் கிழவி இருப்பாவா என்று மகள் கேட்டாள். டொக்டரும் போகலாம் என்றுவிட்டார். இது போதாதென்று, அந்த மாதத்தில் ஆண்கள் கொம்பும் ஆட்டுத்தோலும் போட்டுக்கொண்டு பேய் வேசத்தில் தெருவில் ஓடுவார்களாம், அதையும் பார்க்க வேண்டுமாம். நான் கத்தினேன். என் கணவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், “நாங்கள் ஊரிலை பாக்காத பேயோ, விடும்,” என்றார்.

மருமகனின் தமிழை நான் ஒருபோதும் நம்பியதில்லை. மகள் உண்டாகியிருக்கும் செய்தியை என் தங்கைக்குச் சொல்லப் போய், “அன்ரி, நான் பிள்ளைத்தாச்சி,” என்றவன் அவன். செத்தவீடு என்ற சொல்லை மட்டும் எங்களிடமிருந்து நன்றாகப் பிடித்திருந்தான். அவர்கள் சனி ஞாயிறில் சாப்பிடக் கூப்பிடும்போதெல்லாம் நாங்கள் ஏதோ ஒரு செத்தவீட்டுக்குப் போக இருக்கும். ஆகவே நான் இப்படித்தான் யோசித்தேன்: வயிற்றில் பிள்ளை அழிந்துபோனால் அதைச் சொல்ல அவனிடம் சொல் இல்லை. இருக்கிற சொல்லைத்தான் எடுப்பான். அவள் ஏன் கதைக்க முடியாமல் இருக்கிறாள்? வேறென்ன காரணம் இருக்க முடியும்?

அவர்கள் தங்கிய விடுதியின் நம்பர் குளிர்பெட்டியில் ஒட்டியிருந்தது. எடுத்தேன். அங்கே இரவு ஒன்பது தாண்டியிருக்கும். ஒரு பெண் எடுத்தா. ஆங்கிலம் தெரியவில்லை. மகளின் பெயரைச் சொன்னேன், மருமகனின் பெயரைச் சொன்னேன். அவ ஒரே சொல்லைக் குழந்தைக்குச் சொல்வதுபோல மெல்ல மெல்ல மூன்று தரம் சொன்னா. கேட்டபடி தமிழில் எழுதினேன்: பெயர்டிகுங். பிறகு, மோர்கன். லைனை வைத்துவிட்டா.

கனடாவுக்கு வருவதற்கு முன் ஆறு வருடம் ஜெர்மனியில் இருந்தவர், நாங்கள் மரக்கறி வாங்கும் கடைக்காரர். சனிக்கிழமை காலையில் கடை திறக்கும்போதே அந்தக் கடதாசித் துண்டோடு போய் நின்றேன். அவர் இரண்டு தரம் வாசித்தார்.

“உது ஆக்களைப் புதைக்கிறதுக்குச் சொல்லுற சொல்லு அக்கா. நாளைக்கு எண்டு சொல்லியிருக்கிறா. ஆரை?”

எனக்குத் தெரிந்தால் ஏன் அவரிடம் வருகிறேன்? பாவம், கடைப் போனிலிருந்தே விடுதிக்கு எடுத்துப் பார்த்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது, ஒருவரும் எடுக்கவில்லை. மருமகனின் தாயாரைக் கேட்கலாமென்றால் அவ குளிருக்குத் தப்பி ஃபுளோரிடாவுக்குப் போயிருந்தா. என் கணவரோ, நாளைக்கு வந்து இறங்குவார்கள்தானே, பொறும் என்கிறார். அந்த மனுசனின் பொறுமையை நினைக்க அன்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஸ்காபரோவில் இருக்கும் தங்கை ஒருத்திக்கு மட்டும்தான் சொன்னேன். மத்தியானத்துக்குப் பிறகு போன் என் கையை விட்டு இறங்கவேயில்லை. வைக்க வைக்க அடித்தது. நாலு மணிக்கு மூன்று குடும்பங்கள் சோறும் மரக்கறியும் சமைத்து எடுத்துக்கொண்டு ரெக்ஸ்டேலில் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார்கள். ஒரு பெண் வாசலிலேயே என்னைக் கட்டிப்பிடித்து அழுதாள். யாரும் செத்ததாக நான் சொல்லவில்லை. ஆனால் சாகவில்லை என்று சொல்லவும் என்னிடம் எதுவும் இல்லை. இந்த நேரத்தில் அவளை விட்டிருக்கக் கூடாது என்று ஆளாளுக்குப் புத்தி சொன்னார்கள். நான்தான் விமானத்தில் ஏற்றிவிட்டதுபோல.

ஞாயிறு பின்னேரம் விமான நிலையத்தில் கதவு திறந்து திறந்து மூடியது. பனிச்சறுக்குப் பலகைகளோடு யார் யாரோ வந்தார்கள். பிறகு மருமகன் தள்ளுவண்டியோடு வந்தான். தனியாக. கணவரின் கையைப் பிடித்துக்கொண்டேன். நாலைந்து பேருக்குப் பின்னால், கணுக்கால் வரைக்கும் நீண்ட யாருடையதோ கறுப்புக் கோட்டுக்குள், மகள் நடந்து வந்தாள்.

அவன் சொல்லித்தான் எல்லாம் தெரிந்தது. அவர்கள் கிராமத்துக்குப் போய்ச் சேர்வதற்கு முதல் நாள் இரவு கிழவி செத்துவிட்டா. எழுதிவைத்திருந்த கேள்விகளில் ஒன்றைக்கூட அவனால் கேட்க முடியவில்லை. அடக்கம் வரைக்கும் ஒவ்வொரு பின்னேரமும் அந்த வீட்டில் செபமாலை சொன்னார்களாம், அங்கே நின்றுதான் எனக்கு எடுத்திருக்கிறான். மகளுக்குக் குளிரில் தொண்டை அடைத்துச் சத்தமே வரவில்லை. சனிக்கிழமை அடக்கம் முடிந்து முழு ஊரும் அந்த விடுதியில்தான் சாப்பிட்டிருக்கிறது. அந்தச் சந்தடியில் மணி அடித்தது யாருக்கும் கேட்கவில்லை.

“நான் திருப்பித் திருப்பி எடுத்தனான் மாமி. உங்கட லைன் எப்பவும் பிஸி.”

அவன் சொன்ன ஒவ்வொரு சொல்லும் சரியாகவே இருந்திருக்கிறது. அது எனக்கு இன்னும் எரிச்சலைத் தந்தது. இரண்டு நாள் பயம் முழுவதும் அந்த இடத்திலேயே கோபமாக மாறியது. வயிற்றுப் பிள்ளையோடு எங்கள் ஆட்கள் செத்தவீட்டு வாசலை மிதிக்க மாட்டார்கள். இவள் மூன்று நாள் அங்கேயே நின்றிருக்கிறாள். பெட்டிக்குப் பக்கத்தில், குடும்பத்தாரோடு, முன்வரிசையில். அந்தக் கோட்டு யாருடையது என்று கேட்டேன். செத்துப்போன கிழவியினுடையதாம். மகளின் கோட்டு வயிற்றுக்குப் பூட்டுப்படவில்லை என்று அந்த வீட்டார் அலுமாரியிலிருந்து எடுத்துப் போட்டுவிட்டிருக்கிறார்கள்.

நான் வாயைத் திறந்தேன். சனங்கள் நிற்கிறார்கள் என்றும் பார்க்கவில்லை. மகள் கிட்ட வந்து, கோட்டின் பொத்தான்களைக் கழற்றி, என் கையைப் பிடித்து வயிற்றுப் பக்கம் இழுத்தாள். கடதாசி உரசுவதுபோல ஒரு குரல் வந்தது.

“முதல்ல தொட்டுப் பாருங்கோ அம்மா. பிறகு ஏசலாம்.”