பதில் வந்தால்தான் கதை

சனிக்கிழமை மாலை ஐந்து நாற்பது. லண்டன் லூயிஷாமில் ஒரு சிறிய மண்டபம். உள்ளே நுழைந்ததும் முதலில் கண்ணில் பட்டது, மேடை மேசையில் மடித்து வைத்திருந்த பொன்னாடை. அப்படியென்றால், புத்தகம் எழுதியவர் இன்னும் பேசவில்லை.

ஆறு மணிக்கு மண்டபத்தைக் காலி செய்ய வேண்டும்.

நம் புத்தக வெளியீடுகள் உங்களுக்குத் தெரியாதவையா? வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை, ஆய்வுரை... எல்லாம் முடிந்து, ஆறிப்போன வடையோடு எழுதியவரின் ஏற்புரை. நம்மவர் என்றால் நன்றி சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவார்.

அன்றைய புத்தகத்தை எழுதியவர் ஃபோலாக்கே. நைஜீரியாக்காரர், தாய்மொழி யொரூபா. ஆங்கிலத்தில் அவர் எழுதிய கதைகளை அவருடைய பக்கத்து வீட்டுக் கௌரி தமிழாக்கியிருந்தார்.

யொரூபாக் கதைசொல்லி எடுத்த எடுப்பில் கதையைத் தொடங்குவதில்லை. ‘ஆலோ ஓ’ என்று அழைப்பார். கேட்பவர்கள் ‘ஆலோ’ என்று பதில் சொல்ல வேண்டும். நடுவே பாட்டு வந்தால் பின்பாட்டும் அவர்களுடையதுதான். அந்த நாட்டு எழுத்தாளர்கள் பலர் ஆங்கிலத்தில் எழுதினாலும் இந்தக் குரலை விடுவதில்லை. அழைப்பு வரிகளை வெட்டச் சொன்னார் ஃபோலாக்கேயின் பதிப்பாளர். இவர் மறுத்தார். புத்தகம் ஒரு வருடம் தள்ளிப்போனது.

அந்த வரிகளை நம்முன் சொல்லத்தான் வந்திருந்தார்.

கூட்டத் தலைவர் கௌரியின் பக்கம் சாய்ந்தார். “பிள்ளை, அவவை ரெண்டு வசனம் சொல்லிப்போட்டு இறங்கச் சொல்லும். கதைக்கு நேரமில்லை.”

“உங்கட தலைமையுரைக்கு மட்டும் நேரம் இருந்ததோ அண்ணை? கதை சொல்லத்தான் அவ வந்தவ. சொல்லாமல் இறங்கமாட்டா.”

ஃபோலாக்கே மைக்கை ஓரமாக நகர்த்தினார். “ஆலோ ஓ!”

மண்டபம் அமைதி. நான்கைந்து பேர் மரியாதையாகக் கை தட்டினார்கள்.

மறுபடி அழைத்தார். மறுபடி அமைதி. கதவருகே மண்டபக் காவலர் சாவியோடு வந்து நின்றார். தலைவர் கடிகாரத்தைக் காட்டினார்.

“நான் காத்திருப்பேன்,” என்றார் ஃபோலாக்கே ஆங்கிலத்தில். “பதிப்பாளருக்காக இதைவிட அதிகம் காத்திருந்தவள்.”

கௌரி எழுந்தார். “ஏன் எல்லாரும் செத்தவீட்டிலை இருக்கிறமாதிரி இருக்கிறியள்? சின்னனிலை கதை கேக்கேக்கை ‘ம்’ கொட்டினனீங்கள்தானே? அதுதான் இது. நீங்கள் பதில் சொன்னால்தான் அவ தொடங்குவா.”

நாம் மௌனத்தை மரியாதை என்று நினைக்கிறோம். கதை சொல்பவருக்கு அது சாத்திய கதவு — இல்லையா?

“ஆலோ ஓ!”

“ஓம், ஓம், சொல்லுங்கோ,” என்றார் முன்வரிசையில் ஒருவர். சிரிப்பு எழுந்தது. அடுத்த அழைப்புக்கு மண்டபம் முழுவதும் “ஆலோ” என்றது.

தான் மட்டுமே பேச வேண்டும் என்று சட்டம் போட்ட ஒரு அரசனின் கதை. கௌரி வரிக்கு வரி தமிழில் சொன்னார். கதையில் அரசன் வாய் திறக்கும்போதெல்லாம் அவனை எதிர்த்து ஊர் பாடும்; ஊருக்காக நாங்கள் பாடினோம். தலைவர் மட்டும் பாடவில்லை.

ஆறு மணிக்குக் காவலர் விளக்கை அணைத்தார். கதையில் அரசன் அப்போதுதான் அரண்மனையில் தனியாக நின்றுகொண்டிருந்தான். ஃபோலாக்கே நிறுத்தவில்லை, பேசியபடியே வெளியே நடந்தார். கூட்டமும் பின்னால் போனது.

மீதிக் கதை கார் பார்க்கில் நடந்தது. பொன்னாடையைத் தலைவர் அவருக்கு அங்கேதான் போர்த்தினார்.