வயிற்றுவாரும் இழைமணியும்

என் அம்மா மட்டக்களப்புப் பக்கத்தவர். அப்பாவைக் கட்டித் திருகோணமலைக்கு வந்து எத்தனையோ வருஷமான பிறகும், யாராவது புதிதாக வீட்டுக்கு வந்தால் தேத்தண்ணீர் கொடுக்கும் முன்பே எந்தக் குடி என்று கேட்டுவிடுவார். அவருடைய ஊரில் குடி என்ற வம்சப்பெயர் தாயிடமிருந்து வருவது. தாய், தாயின் தாய், அவளுடைய தாய் என்று வயிறு வயிறாக இறங்கிவரும் வழிக்கு வயிற்றுவார் என்று பெயர். தகப்பன் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் தன் குடியைப் பிள்ளைக்குக் கொடுக்க முடியாது. துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய அப்பா, அப்படியென்றால் இந்த வீட்டில் தான் யார் என்று கேட்டுச் சிரிப்பார். அம்மா சிரிக்கமாட்டார். அது அவருக்குப் பகிடியான விஷயமல்ல.

அப்பாவின் அக்கா, எங்கள் மாமி, புருஷனை இழந்தபின் எங்களோடுதான் இருந்தார். எனக்குப் பதின்மூன்று, தங்கைக்கு ஒன்பது வயதாக இருந்தபோது மாமியின் மார்பில் புற்று இருப்பது தெரியவந்தது. எப்போது தொடங்கியது என்று ஒருவருக்கும் தெரியாது. சேலைத் தலைப்பை அவர் இழுத்து இழுத்துப் போர்த்துக்கொண்டதை நாங்கள் கூச்சம் என்று நினைத்திருந்தோம். புண் மணக்கத் தொடங்கிய பிறகுதான் வீடு அறிந்தது. கடைசி நாலு மாதமும் அம்மாதான் புண்ணைக் கழுவித் துணி மாற்றினார். ஒருநாளாவது அவர் முகம் சுளித்ததை நான் காணவில்லை. அதனால்தானோ என்னவோ, செத்தவீட்டன்று எங்கள் இரண்டு பேரையும் குசினிக்குள் கூப்பிட்டு அவர் சொன்னதை நான் வேதவாக்காக எடுத்துக்கொண்டேன்.

"பயப்பிடாதயுங்கோ பிள்ளையள். இது அவவின்ட வயித்துவாரில வந்தது. எங்கட வயித்துவாரில இல்ல. உங்களுக்கு வராது."

அதைக் கேட்ட பிறகுதான் தங்கை சோற்றில் கை வைத்தாள்.

நான் வளர்ந்து பெண்கள் பள்ளிக்கூடமொன்றில் விஞ்ஞானம் படிப்பிக்கப் போனேன். பட்டாணிச் செடியை வைத்து, பிள்ளைக்குப் பாதி தாயிடமிருந்தும் பாதி தகப்பனிடமிருந்தும் வருகிறது என்று வருஷா வருஷம் கரும்பலகையில் கட்டம் போட்டுக் காட்டினேன். யன்னலுக்கு வெளியே உள்துறைமுகத்தில் கப்பல் ஏதும் திரும்பினால் பிள்ளைகளின் கண் அங்கே போய்விடும். நான் பிரம்பால் மேசையில் அடிப்பேன். எனக்கு அப்போதும் இப்போதும் மூக்கின்மேல் கோபம். அந்தக் கட்டத்தை ஒருநாளாவது என் வீட்டுக்குக் கொண்டுபோய் எங்கள் அப்பாவையும் மாமியையும் அதில் வைத்துப் பார்த்தேனா என்றால், இல்லை.

எழுபதுகளின் கடைசியில் கொழும்பிலிருந்த சிநேகிதி ஒருத்தி பழைய ஆங்கிலச் சஞ்சிகைகளைக் கட்டி அனுப்புவாள். அவற்றில் ஒன்றில் இழைமணியைப் பற்றி எழுதியிருந்தது. உடம்பின் ஒவ்வொரு கலத்துக்குள்ளும் அடுப்பைப்போல இருந்து, நாங்கள் தின்பதை எரித்துச் சக்தியாக்கித் தருவது இழைமணி. அதை நானே படிப்பித்திருக்கிறேன். அதற்கென்று தனியாக ஒரு சின்ன டி.என்.ஏ. இருக்கிறது என்பதும், அது தாயிடமிருந்து மட்டுமே வருகிறது என்பதும் எனக்குப் புதிது. குதிரையையும் கழுதையையும் இணைத்துப் பார்த்து அதைக் கண்டிருந்தார்கள். மனிதரிலும் அப்படித்தான் இருக்கவேண்டும் என்று எழுதியிருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. அம்மாவின் வயிற்றுவாரை வெள்ளைக்காரன் கழுதையில் போய்க் கண்டுபிடித்திருக்கிறான்!

அடுத்த பக்கத்தில் இன்னொன்று இருந்தது. புற்றுக் கலங்கள் சீனியை எரிக்கும் விதம் மற்றக் கலங்களைப்போல இல்லை, ஆகவே பழுது அந்த அடுப்பிலேயே இருக்கலாம் என்று சிலர் வெகுகாலமாக நினைத்துவந்தார்களாம். சில நோயாளரின் கலங்களில் இழைமணியின் டி.என்.ஏ. உருவம் மாறியும் இருந்ததாம். "இருக்கலாம்" என்றுதான் அதில் எழுதியிருந்தது. நான் அந்த "லாம்" இல்லாமல் வாசித்தேன். புற்று இழைமணியில் வருகிறது, இழைமணி தாய்வழி வருகிறது, ஆகவே மாமியின் நோய் எங்களுக்கு வராது என்று நானே முடிச்சுப் போட்டேன். என் மாணவி ஒருத்தி இப்படி எழுதியிருந்தால் முட்டை போட்டிருப்பேன். அம்மாவிடம் போய் விளக்கிச் சொன்னபோது, இதை அறிய இவ்வளவு படிக்கவேணுமா என்று கேட்டார்.

தங்கை இரண்டு ஒழுங்கை தள்ளி இருந்தாள். அவளுடைய புருஷனுக்குப் புல்மோட்டையில் மணல் அள்ளும் இடத்தில் வேலை, கிழமைக்கு ஒருமுறை வருவார். ஒரே மகள், பதினான்கு வயது. ஒரு ஞாயிற்றுக்கிழமை கிணற்றடியில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தபோது தங்கை என் ஈரக் கையைப் பிடித்துத் தன் மார்பின் பக்கவாட்டில் வைத்தாள். ஒரு கடலைப் பருமனில் ஏதோ தட்டுப்பட்டது.

"அக்கா, மாமிக்கு வந்த மாதிரி இருக்குமோ?"

நான் ஈர விரலால் கிணற்றின் சீமெந்துக் கட்டின்மேல் ஒரு கலத்தைக் கீறினேன். நடுவில் கரு, சுற்றிவர இழைமணிகள். தாய்வழி, தகப்பன்வழி எல்லாம் சொன்னேன். இது பால்கட்டியாக இருக்கும் என்றேன். அவள் ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டினால் என்ன என்று மெதுவாகக் கேட்டாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"நான் படிப்பிக்கிறனான். எனக்குத் தெரியாதோ?"

அவளுடைய முகம் தெளிந்தது. எனக்கு நினைவிருப்பது அந்தத் தெளிவுதான். மிச்ச உடுப்பையும் அலசிப் பிழிந்து முடிக்குமுன் நான் கீறிய கலம் வெயிலில் காய்ந்துபோயிற்று.

பதினொரு மாதம் போனது. கமக்கட்டில் நெறி கட்டி, கையைத் தூக்க ஏலாமல் வந்த பிறகுதான் காட்டினோம். ஊர் ஆஸ்பத்திரியிலிருந்து கொழும்புப் பக்கம் புற்றுநோய்க்கென்று இருந்த ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அங்கே டொக்டர் அம்மா, குடும்பத்தில் வேறு யாருக்கும் வந்திருக்கிறதா என்று கேட்டார். நான் கொஞ்சமும் யோசிக்காமல், "இல்லை" என்றேன். தங்கைதான் மாமியைப் பற்றிச் சொன்னாள். தகப்பன் பக்கமும் உங்களுடைய இரத்தம்தானே என்று டொக்டர் அம்மா என்னைப் பார்த்தார். பிறகு, முந்தியே வந்திருந்தால் வெட்டியதோடு முடிந்திருக்கலாம், ஏன் இவ்வளவு பிந்தினீர்கள் என்று கேட்டார்.

"நான்தான் வெக்கத்தில ஒருத்தருக்கும் சொல்லேல்ல, டொக்டர்" என்றாள் தங்கை.

வெட்டினார்கள். கதிர் பாய்ச்சும் கரண்டு பிடித்தார்கள். சிவப்பாக ஒரு மருந்தை நரம்பில் ஏற்றினார்கள். அது இதயத்தைக் களைக்கச் செய்யும், வேறு வழியில்லை என்று முன்னரே சொன்னார்கள். கட்டிகள் கரைந்துகொண்டுதான் வந்தன. ஆனால் கட்டிலிலிருந்து யன்னல்வரை நடக்கவே அவளுக்கு மூச்சு வாங்கியது. கால்கள் வீங்கின. கடைசியில் இதயம்தான் நின்றது. அந்த மருந்து இதயத் தசையின் இழைமணிகளைத்தான் வருத்துகிறது என்று வெகுகாலம் கழித்து வாசித்தேன். அம்மா அவளுக்குக் கொடுத்த அடுப்பில் ஒரு பழுதும் இருந்திருக்காது. நான் பிந்தியதால் அதை அந்த மருந்துக்குக் கொடுக்கவேண்டி வந்தது. அதை வாசித்த நாள் நான் பள்ளிக்கூடம் போகவில்லை.

முப்பத்தோராம் நாள் காரியத்துக்குக் கன்னியாவுக்குப் போனோம். வெந்நீர்க் கிணறுகளில் ஒவ்வொன்றாக அள்ளி அம்மா பேத்தியின் தலையில் வார்த்தார். பிறகு அவளை அணைத்துக்கொண்டு, "பயப்பிடாத பிள்ளை" என்று தொடங்கினார். மாமியின் செத்தவீட்டில் எங்களுக்குச் சொன்னதுதான் வரப்போகிறது என்று காத்திருந்தேன். அம்மாவின் வாய் திறந்தபடியே நின்றது. இப்போது அது எங்கள் வயிற்றுவாரிலேயே வந்துவிட்டது.

ஆகவே நான் சொன்னேன். உடம்பில் எங்கேயாவது கட்டி ஏதும் தட்டுப்பட்டால் அன்றைக்கே என்னிடம் சொல்லவேண்டும் என்றேன்.

அவள் தலைமயிரைப் பிழிந்துகொண்டே என்னைப் பார்த்தாள். குரலில் கோபம் இல்லை.

"அம்மா உங்களிட்டத்தானே முதல் சொன்னவ, பெரியம்மா."

அம்மா வாளியைக் கீழே வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். அவருக்கு அது அன்றைக்குத்தான் தெரியும்.