நாலாவது போல்ட்

மாமா கட்டாரிலிருந்து திரும்பி வந்த பிறகு முழுக்கைச் சட்டையைத் தவிர வேறெதுவும் போட்டு நான் கண்டதில்லை. மணல் காலைச் சுடும் சித்திரை வெயிலிலும் மணிக்கட்டுப் பொத்தானைப் பூட்டிக்கொண்டுதான் திரிவார். அது வெளிநாட்டு நாகரிகம் என்று நான் முடிவு செய்திருந்தேன். எனக்கு அப்போது பத்து வயது. எதைப் பற்றியும் முடிவு செய்ய அதிக நேரம் தேவைப்படாத வயது.

அம்மாவின் தம்பி அவர். அங்கே ஒரு பெரிய கராஜில் மெக்கானிக்காக இருந்தவர், ஒப்பந்தம் முடிய ஒரு வருடம் இருக்கும்போதே வந்துவிட்டார். முதலாளியோடு சண்டை என்று எங்கள் ஊரான தேற்றாத்தீவில் பேசிக்கொண்டார்கள். மாமா ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. எங்கள் வீட்டின் பின்னறையில் கைபேசியைப் பார்த்தபடி நாள் முழுக்கப் படுத்துக் கிடந்தார்.

அந்த வருடம் அம்மா வீட்டைச் சுற்றியிருந்த வளவு முழுக்க மிளகாய் போட்டிருந்தார். அப்பா வாவிக்கு அக்கரையில் வயல் வேலைக்குப் போய் வாரத்துக்கு ஒருமுறைதான் வருவார். தோட்டம் அம்மாவின் பொறுப்பு. எங்கள் மணலில் காலையும் மாலையும் தண்ணீர் விடாவிட்டால் செடி நிற்காது. அந்தத் தண்ணீரை இறைத்துத் தந்தது கிணற்றடியில் இருந்த மண்ணெண்ணெய்ப் பம்ப். செடிகள் பூவும் பிஞ்சுமாக நின்ற சமயம் பார்த்து அது புகை தள்ளத் தொடங்கி, ஒரு நாள் கயிற்றை எத்தனை முறை இழுத்தும் அசையாமல் நின்றுவிட்டது.

களுவாஞ்சிகுடியில் பம்ப் திருத்தும் கடையில் கொடுத்தால் மறுநாளே தருவார்கள் என்று அப்பா தொலைபேசியில் சொன்னார். அம்மா அதற்கு ஓம் என்று சொல்லிவிட்டு, பின்னறைக் கதவைத் தட்டினார்.

"தம்பி, மெசின் நிண்டு போச்சு. எழும்பி வந்து பாரு."

பிறகு என் பக்கம் திரும்பி, "நீ மாமாவோட இரு. விளையாடப் போகாத" என்றார். விடுமுறைக் காலம். பக்கத்து வளவில் மட்டையும் பந்துமாக எல்லே விளையாட்டுத் தொடங்கியிருந்தது. எனக்கு அழுகை வந்தது.

மாமா கிணற்றடியில் உரச்சாக்கை விரித்து எஞ்சினைப் பகுதி பகுதியாகக் கழற்றி வைத்தார். கரியைச் சுரண்டினார். பிஸ்டனுக்குப் புது ரிங் போட்டார். இரண்டு நாளில் அவர் முகமே மாறிவிட்டது. ஏதோ பாட்டுக்கூட முணுமுணுத்தார். மூன்றாம் நாள் காலையில் எஞ்சினின் தலைமூடியை வைத்து, அதைப் பிடித்து நிற்கும் நாலு போல்டுகளையும் மாறி மாறி இறுக்கினார். மூன்று சரியாக நின்றன. நாலாவதை இறுக்கும்போது உள்ளே ஏதோ நறுக்கென்றது. அதன் பிறகு ஸ்பனர் இலேசாகச் சுற்றத் தொடங்கியது. எனக்குப் பார்த்த உடனேயே தெரிந்தது. மாமா இறுக்கிக்கொண்டே இருந்தார்.

"மாமா, அது சும்மா சுத்துது."

அவர் நிறுத்தினார். போல்டை வெளியே எடுத்தார். துளைக்குள் போல்ட் பற்றிக்கொள்ளும் மரை முழுவதும் உரிந்து, அலுமினியச் சுருளாகப் போல்டோடு வந்தது. மாமா துளையைப் பார்க்கவில்லை. தன் வலது கையையே பார்த்தார். கையில் கிரீஸ் அப்பியிருப்பதால் பார்க்கிறார் என்று நினைத்து நான் துணியை எடுத்து நீட்டினேன்.

அன்று மாலை அம்மா வாளியில் தண்ணீர் அள்ளிச் செடிகளுக்கு ஊற்றிக்கொண்டிருந்தார். மூன்று நாளாக அதுதான் வேலை. வளவின் கடைசிப் பாத்திகளுக்குப் போய்ச் சேர அவரால் முடியவில்லை. அங்கே இலைகள் சுருண்டுவிட்டன. மாமா போய் அருகில் நின்றார்.

"கடையில குடுங்க அக்கா. என்னால ஏலாது."

"சித்திர வருசத்துக்குக் கடை பூட்டிக் கிடக்கு" என்றார் அம்மா, வாளியைக் கீழே வைக்காமலே. "காத்தான்குடியில லேத் பட்டற இரிக்கி. விடியக் கொண்டு போ. புள்ளையையும் கூட்டிற்றுப் போ."

கடை திறந்திருந்ததை அன்று மத்தியானம் மண்ணெண்ணெய் வாங்கப் போனபோதுதான் நான் பஸ்ஸிலிருந்து பார்த்திருந்தேன். அம்மா பொய் சொல்லி நான் கேட்டது அதுவே முதல் தடவை. அந்த ஆச்சரியத்தில் வாயைத் திறக்காமல் நின்றேன்.

காத்தான்குடிப் பட்டறைக்காரரை எல்லோரும் நானா, அதாவது அண்ணன், என்றுதான் கூப்பிட்டார்கள்; அவருக்குத் தாடியெல்லாம் வெள்ளை. துளைக்குள் விரலை விட்டுத் தடவிப் பார்த்துவிட்டு, "ஆரு இறுக்கின?" என்று கேட்டார். மாமா போல்டைத் துணியால் துடைக்கத் தொடங்கினார். அவருக்கு உதவுவதாக நினைத்துக்கொண்டு நான் முந்திக்கொண்டேன்.

"மாமாதான். கட்டார்ல பெரிய மெக்கானிக்கா இருந்தவர்."

நானா மாமாவைப் பார்த்தார். பிறகு துளையைப் பெரிதாகத் துளைத்து, அதற்கேற்பப் பித்தளையில் ஒரு சிறு குழாய் கடைந்து, வெளியிலும் உள்ளேயும் மரை வெட்டி, அதைத் துளைக்குள் முறுக்கி இறக்கினார். இடையில் பால் விடாத பிளேன்டீ வந்தது. கொதிக்கக் கொதிக்க வந்த கிளாஸை மாமா வலது கையால் முழுதாகப் பொத்திப் பிடித்துக்கொண்டிருந்தார். எனக்கோ விளிம்பைக்கூடத் தொட முடியவில்லை. மாமாவின் கைப்பலத்தை வியந்தேன். நானா மெல்ல எழுந்து அவர் கையிலிருந்து கிளாஸை வாங்கி மேசையில் வைத்தார். உள்ளங்கை சிவந்திருந்தது.

"இறுக்கக்குள்ள இந்தப் புள்ளையையும் ஸ்பனரப் புடிக்கச் சொல்லுங்க தம்பி" என்றார், வேறெதுவும் கேட்காமல்.

பிற்பகல் கிணற்றடியில் மாமா அப்படியே செய்தார். என் கையை ஸ்பனரின் மேல் வைத்து, அதன் மேல் தன் கையை வைத்தார்.

"பாரமா வரும். அப்ப சொல்லு. உடனே சொல்லோணும்."

சின்னப் பிள்ளைக்கு விளையாட்டுக் காட்டுகிறார் என்று முதலில் எனக்குக் கோபம். ஆனால் இரும்பின் வழியாக ஒரு பாரம் மெதுவாக ஏறி என் விரலுக்கு வந்தபோது கோபம் மறந்துவிட்டது. "போதும் மாமா" என்றேன். அவர் அந்தக் கணமே நிறுத்தினார். பெரியவர் ஒருவர் என் சொல்லுக்கு அப்படி அடங்கியதை நான் அதற்கு முன் கண்டதில்லை. நாலு போல்டையும் அப்படித்தான் இறுக்கினோம். கயிற்றை மூன்றாம் தடவை இழுத்ததும் எஞ்சின் பிடித்துக்கொண்டது. குழாயிலிருந்து தண்ணீர் சீறி மாமாவை நனைத்தது. அவர் சிரித்துக்கொண்டே சட்டைக் கையை மேலே சுருட்டினார். வலது முழங்கையைச் சுற்றி நீளமான தழும்பு ஒன்று இருந்தது. அம்மா அதைப் பார்த்தார். பார்த்துவிட்டு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு பாத்திக்குத் தண்ணீர் திருப்பப் போனார்.

கடைசிப் பாத்திகள் பிழைக்கவில்லை. மற்றவை காய்த்தன.

பள்ளிக்கூடம் தொடங்கியதும் எங்கள் வீட்டு எஞ்சினைத் திருத்தியது நான்தான் என்று எல்லோரிடமும் சொன்னேன். அயலவர்கள் ஒவ்வொருவராகத் தங்கள் பம்புகளை மாமாவிடம் கொண்டு வந்தார்கள். சனிக்கிழமைகளில் அம்மா என்னை விளையாட விடுவதே இல்லை. ஒரு வருடம் கழித்து மாமா புதிதாக ஒரு ஸ்பனர் வாங்கி வந்தார். வேண்டிய அளவு இறுகியதும் அது தானாகவே டக்கென்று சத்தம் போடும். என் வேலை அத்தோடு போய்விட்டது. அந்த ஸ்பனரோடு ஒரு வாரம் கோபித்துக்கொண்டிருந்தேன்.

கட்டாரில் இரும்புத் தூண் ஒன்று முழங்கையில் விழுந்ததையும், அதன் பிறகு மாமாவின் வலது கைக்குச் சூடும் பாரமும் தெரியாமல் போனதையும் நான் வேலைக்குப் போகத் தொடங்கிய பிறகுதான் அம்மா சொன்னார். மாமா அவரிடமும் சொல்லவில்லையாம். வந்த முதல் நாளே, மாமா சோற்றைப் பிசையும் கையைப் பார்த்து அம்மாவாகவே விளங்கிக்கொண்டாராம்.

"தெரிஞ்சும் ஏன் அம்மா மெசின அவரிட்டக் குடுத்தீங்க? மிளகாயெல்லாம் கருகியிருக்குமே."

அம்மா என்னை விநோதமாகப் பார்த்தார்.

"நானே குடுக்காட்டி, மறுகா அவனுக்கு ஆரு வேல குடுப்பாங்க?"