போடாத பின்

இது நடந்தது. நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். தேதி இருக்கிறது, மணி இருக்கிறது. யாருக்கு நடந்ததோ அந்த ஆளும் இன்றைக்கும் தென்காசியில் ஏதோ ஒரு வண்டிக்கு அடியில்தான் கிடப்பான்.

நல்லகண்ணு, குற்றாலம் ரோட்டில் பேச்சிமுத்து அண்ணாச்சி ஒர்க்ஷாப்பில் மெக்கானிக். அவன் சட்டைப் பையில் எப்போதும் ஒரு ஸ்பிளிட் பின் இருக்கும். ரெட்டைக் கால் வைத்த சின்னக் கம்பி. சட்டை மாறும், கம்பி மாறாது. ஏனென்று கேட்டால், "கெடக்கட்டும்லே" என்பான்.

ரெண்டு வருஷத்துக்கு முந்தி, சாரல் நேரம். வீரகேரளம்புதூர் பென்னி தன் டாக்சியைக் கொண்டுவந்தார். ஸ்டியரிங்கில் டொக் டொக் என்று சத்தம். காரைக் குழிக்கு மேல் நிறுத்திவிட்டு நல்லகண்ணு கீழே இறங்கினான். சக்கரத்தைத் திருப்புகிற கம்பியின் முனையில் ஒரு குண்டு மூட்டு உண்டு. மேலே ஒருவர் ஸ்டியரிங்கை ஆட்ட, கீழே ஒருவன் மூட்டைப் பிடித்துப் பார்க்க வேண்டும். தேய்ந்திருந்தால் கைக்குள்ளேயே துள்ளும்.

பென்னியே உட்கார்ந்து ஆட்டினார். ஆட்டும்போதெல்லாம் விரல் மோதிரம் ஸ்டியரிங்கில் தட்டியது. டிக்... டிக்...

"என்ன அண்ணாச்சி, தாளம் போடுதிய?"

"கல்யாணத்துல சுஜிதா போட்ட மோதிரம்லா. சும்மா இருக்க விடாது."

இடது பக்க மூட்டு போயிருந்தது. டயரைக் கழற்றிப் புதுசு மாட்டினான். நட்டை முறுக்கினான். நட்டு கழலாமல் இருக்கப் பின் போகிற ஓட்டை நேராக வரவில்லை. இன்னும் கொஞ்சம் முறுக்கித்தான் நேராக்க வேண்டும். அவனுக்கு அலுப்பு. தளர்த்தி நேராக்கினான். அந்த நேரம் பார்த்து பேச்சிமுத்து, "ஏலே, இங்கன ஓடியா!" என்று கத்தினார். கையிலிருந்த பின் சட்டைப் பைக்குள் போனது. திரும்பி வந்தவன் டயரை மாட்டி, வண்டியை அனுப்பிவிட்டான்.

பீடி எடுக்கப் பைக்குள் கை விட்டபோது பின் தட்டுப்பட்டது. மணி நாலு பத்து. போனில் பென்னி நம்பரை எடுத்தான். பக்கத்தில் பேச்சிமுத்து நின்றார். தெரிந்தால் நாறடித்துவிடுவார். வீடு போய்ச் சேர்ந்திருவாரு, காலையில சொல்லிக்கிடலாம்... போனைப் பைக்குள் போட்டுவிட்டான்.

அஞ்சு மணிக்குச் சேதி வந்தது. கீழப்பாவூர் தாண்டிப் பனைமரத்தில் மோதி, ஆள் அங்கேயே முடிந்தது. வீட்டுக்குப் போன வண்டி தென்காசியைப் பார்த்துக் கிடந்ததாம். சுற்றியிருக்கும் என்றார்கள். மழையில் வழுக்கிவிட்டது என்றார்கள்.

"ஆமா, மழை" என்றான் நல்லகண்ணுவும்.

இந்த வருஷம், ஆடி பத்தொம்பது. அச்சன்புதூர் அனுசியா டீச்சர் காரைக் கொண்டுவந்தார்.

"நான் ஒரு பக்கம் திருப்புதேன், அது ஒரு பக்கம் போவுது அண்ணாச்சி. ஏழாப்புப் பயலுவ மாதிரி."

சொல்லிவிட்டு எதிர்த்த கடைக்கு டீ குடிக்கப் போனார். நல்லகண்ணு காரைக் குழிக்கு மேல் ஏற்றினான். பழக்கத்தில் சாவியை உருவிப் பைக்குள் போட்டுக் கொண்டான். இறங்கும்போது மணி நாலு எட்டு. தகரத்தில் சாரல் விழுகிற சத்தம் மட்டும்.

இடது மூட்டைப் பிடித்தான். மேலே ஸீட் அமுங்கியது. கிரீச்... பேச்சிமுத்து ஏறிவிட்டார் என்று நினைத்தான்.

"லேசா ஆட்டுங்க அண்ணாச்சி."

ஆடியது. இடது... வலது... கைக்குள் டொக் என்றது.

"மூட்டு போயிட்டு, மாத்தணும். போதும்."

நிற்கவில்லை.

இடது... வலது...

"போதும்ங்கேன்லா!"

இடது... வலது... அப்போதுதான் அந்தச் சத்தம்.

டிக்... டிக்...

அவன் கை மூட்டிலேயே ஒட்டிக்கொண்டது.

டிக்...

டிக்...

"பென்னி அண்ணாச்சி..."

நின்றது.

குழியை விட்டு ஏறினான். காருக்குள் யாரும் இல்லை. ரோட்டுக்கு அந்தப் பக்கம், டீக்கடையில், பேச்சிமுத்து டீச்சரோடு பேசிக்கொண்டு நின்றார். சாவி அவன் பைக்குள்ளேயே இருந்தது. கதவைத் திறந்து ஸ்டியரிங்கைத் திருப்பிப் பார்த்தான்.

அசையவில்லை. சாவி இல்லாவிட்டால் அது பூட்டிக்கொள்ளும். எவனாலும் திருப்ப முடியாது.

மணி நாலு பத்து.

டீச்சர் காருக்கு ரெண்டு பக்கமும் புது மூட்டு போட்டான். நட்டை முறுக்கியே நேராக்கினான். பின் போட்டு, கால்களை விரித்து மடக்கி, மூன்று தடவை தடவிப் பார்த்தான்.

ஞாயிற்றுக்கிழமை வீரகேரளம்புதூர் போனான். சுஜிதா கோயில் முடிந்து வந்திருந்தாள். பையிலிருந்த பின்னை எடுத்து அவள் முன்னால் வைத்தான்.

"இத நான் போடல தாயி. மழையில்ல. நான்தான்."

அவள் அதைப் பார்த்தாள். கோபப்படவில்லை.

"தெரியும் அண்ணாச்சி. நீங்கதான் போன் பண்ணிச் சொன்னியளே. வண்டிய ஓரமா நிப்பாட்டுங்க, நான் வாரேன்னு. அவியதான் கேக்கல. மெதுவா உருட்டிக்கிட்டு நானே ஒர்க்ஷாப்புக்குத் திரும்பிருதேன்னு எனக்குப் போன்ல சொன்னாவ. உங்க மேல தப்பு இல்ல."

"நான்... நான் கூப்பிடல தாயி. நம்பர எடுத்தேன். ஆனா அமுக்கல."

அவள் உள்ளே போய், பென்னியின் கண்ணாடி உடைந்த போனைக் கொண்டு வந்தாள். திறந்து காட்டினாள்.

நல்லகண்ணு மெக்கானிக். அவன் நம்பர். பென்னி செத்த அதே தேதி. நாலு பத்து.

"அழுதுக்கிட்டே பேசினியளாமே" என்றாள் சுஜிதா. "சரியாவே கேக்கலன்னு சொன்னாவ. உங்களுக்குப் பின்னால யாரோ எதையோ தட்டிக்கிட்டே இருந்தாவளாம். டிக் டிக்னு..."